தட்டிவிட்ட குஞ்சுகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நண்டு பிடிப்பது பெண்களின் வேலை. ஆண்களை ஓடையில் இறக்கினால் கல்லைப் புரட்டியது புரட்டியபடி விட்டுவிட்டு வருவார்கள், தண்ணீர் இரண்டு நாளைக்குக் கலங்கிக் கிடக்கும். எல்கடுவ மலையில், எங்கள் வரிசை வீடுகளுக்கு, அதாவது லயத்துக்குக் கீழே ஓடுகிற ஓடை அது. பாதி உள்ளங்கை அளவில், பழுப்பும் சிவப்புமாக நண்டுகள் இருக்கும். கடல் நண்டு தின்று பழகியவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஒரு நண்டில் ஒரு வாய்ச் சதைகூடத் தேறாது. ஆனால் பத்து நண்டைக் கழுவி, ஓட்டோடு இடித்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்து வடித்தால், லயத்தின் கடைசி வீடு வரைக்கும் மணக்கும். சளி பிடித்தவனுக்கு அது, காய்ச்சலில் எழுந்தவனுக்கு அது, பிள்ளை சுமக்கிறவளுக்கும் அது. டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கி வந்தாலும், ஒரு கோப்பை நண்டு ரசம் உள்ளே போனால்தான் எங்களுக்கு மருந்து குடித்த திருப்தி.

பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. புரட்டிய கல்லைத் திரும்ப அதே பக்கமாக வைக்க வேண்டும். குட்டி நண்டைத் தொடக் கூடாது. அப்புறம், மடி தட்ட வேண்டும். நண்டின் வயிற்றில் மடித்து வைத்த மாதிரி ஒரு மூடி இருக்கும், பெண் நண்டுக்கு அது அகலம். அதைத்தான் நாங்கள் மடி என்போம். சில மாதங்களில் அந்த மடியைத் திறந்தால் உள்ளே மிளகளவில் குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். கால், கொடுக்கு, கண் எல்லாம் வைத்த முழு நண்டுகள். அப்படி ஒன்று அகப்பட்டால் தண்ணீரோரம் குனிந்து, மடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளங்கையால் அதன் முதுகில் மூன்று தரம் தட்டுவோம். "போயி பொழச்சுக்குங்க" என்று சொல்வோம். குஞ்சுகள் தண்ணீரில் உதிர்ந்துவிடும், தாய் வாளிக்குப் போகும். தட்டிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் குஞ்சுகளுக்குக் கண் பட்டுவிடும் என்பது எங்கள் கணக்கு. அம்மா அப்படித்தான் செய்தாள், நானும் அப்படித்தான் செய்தேன். மற்ற லயத்துக்காரர்கள் மடியோடு அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, ஈவிரக்கம் இல்லாத கூட்டம் என்று நான் வாய் நிறையத் திட்டியதும் உண்டு.

சாமான் விலையெல்லாம் தலைகால் தெரியாமல் ஏறிய வருஷம், என் தங்கச்சி ஐந்து மாத வயிற்றோடு என்னிடம் வந்து சேர்ந்தாள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். அவளும் சின்னதிலேயே கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவள், ஓடையில் இறங்கிப் பழக்கம் இல்லை. அம்மா போன பிறகு அவளுக்குத் தாய்வீடு என்றால் லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராதான். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அதனால் இந்தத் தடவை அவள் நடப்பதே பயந்து பயந்துதான். கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருக்கிற நர்ஸ் மிஸ்ஸி அவளுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ரத்தம் குறைவு, உடம்பில் சத்தே இல்லை, மாத்திரை மட்டும் போதாது, முட்டை, மீன், இறைச்சி என்று ஏதாவது புரதம் தினமும் உள்ளே போக வேண்டும், போன தடவை நடந்தது மறுபடி நடக்கக் கூடாது என்றால் இது கட்டாயம் என்று சொன்னார். சிங்களத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். எனக்கு இரண்டும் நன்றாகவே விளங்கியது.

விளங்கி என்ன செய்ய? முட்டை அப்போது கடைக்காரரின் மேசைக்குப் பின்னால் ஏறிவிட்டது, கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். கோழி இறைச்சியை நாங்கள் தீபாவளிக்குப் பார்த்ததோடு சரி. பருப்பும் அளந்துதான். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, இவளுக்கு மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் வைக்கும்போது எனக்கு வயிறு எரியும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவளையே கத்திவிடுவேன். பிறகுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். காசில்லாமல் கிடைக்கிற சத்து அது ஒன்றுதான்.

கிழமையில் மூன்று நாள் போனேன். வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே ஒரு குச்சியின் நுனியில் கருவாட்டுத் தலையைக் கட்டிக் கல் இடுக்கில் நீட்டினால் போதும், நண்டு கொடுக்கால் பிடித்துக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுக்காரி, நண்டு சூடு, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்றாள். சூடு என்றால் நீ குளிர்ச்சியாக இரண்டு முட்டை கொண்டுவந்து கொடு என்றேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மிஸ்ஸியிடம் கேட்டேன், நன்றாக வேகவைத்துக் கொடு, பயமில்லை என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியை வாசலில் வைத்துவிட்டு விறகெடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தங்கச்சி ஒரு நண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு அவசரத்தில் ஒன்றுக்கு மடி தட்ட மறந்துபோயிருக்கிறேன். அவள் மடியை விரலால் திறந்து உள்ளே பார்த்துவிட்டாள்.

"இதுக்கு மடி நெறையப் புள்ளைங்கக்கா."

"தட்டி விட்டுட்டுத்தான் கொண்டாருவோம். இது ஒண்ணு விட்டுப்போச்சு."

"தட்டிவிட்டா? தாயில்லாம அதுங்க என்னா செய்யும்?"

"நாம என்னா செஞ்சோம்? நமக்குந்தான் அம்மா இல்ல. நாம வளரலியா?"

அவள் எழுந்தாள். அந்த நண்டை எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி, அவ்வளவு சரிவில் ஓடைக்கு இறங்கி, மடியோடு விட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு ரசத்தைத் தொடவில்லை. அடுத்த மூன்று நாளும் தொடவில்லை. பிள்ளையைச் சுமந்துகொண்டு பிள்ளை சுமக்கிறதைத் தின்ன முடியாது என்றாள். எனக்கு வந்த கோபத்தில் பானையை நங்கென்று அடுப்பில் வைத்தேன். ஏழாம் மாதம் வரும்போது தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அவள் முகம் செத்துப்போனது, எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் நானே சமாதானத்துக்குப் போனேன். என்னோடு வா, நாங்கள் எப்படித் தட்டுகிறோம் என்று நீயே பார், குஞ்சுக்கு ஒரு குறையும் வராது என்றேன். வந்தாள். மழை பெய்து தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மடியுள்ள நண்டைக் குனிந்து பிடித்து மூன்று தரம் தட்டினேன். குஞ்சுகள் உதிர்ந்தன, கலங்கல் தண்ணீரில் சட்டென்று மறைந்துபோயின. திரும்பிக்கொள் என்று சொன்னேன், இருவரும் திரும்பி நின்றோம். எல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்று அம்மா மேல் சத்தியம் செய்தேன். தங்கச்சி ஓடையைப் பார்க்காமலே அந்தத் திசைக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று ரசம் குடித்தாள், கொடுக்கில் இருந்த சதையையும் ஒட்ட ஒட்ட உறிஞ்சிச் சாப்பிட்டாள்.

அடுத்த கிளினிக்கில் ரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. மாத்திரையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள், எதனால் ஏறியது என்று எனக்குத் தெரியாது. நான் நண்டால்தான் என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குத் தேவை இருந்தது.

தங்கச்சிக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. அந்தக் கிழமை மழையே இல்லை. ஓடை தெளிந்து, அடியில் கிடக்கிற கல்லெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. நாள் முழுக்கக் கொழுந்துச் சாக்கைச் சுமந்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு மடி நண்டைத் தட்டிவிட்டு வழக்கம் போல எழுந்து திரும்ப முடியவில்லை. அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கண் தண்ணீரில்தான் இருந்தது.

விரல் நீள மீன்கள் வந்தன. நாலு பக்கமிருந்தும் வந்தன. ஒரு குஞ்சு மணலைத் தொடுவதற்குள் ஒன்று விழுங்கியது. கல்லுக்கடியில் ஒளியப் பார்த்ததை இன்னொன்று இழுத்தது. நான் ஒரு தரம் மூச்சு விட்டு முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தண்ணீர் பழையபடி தெளிவாக இருந்தது. தாய் வாளிக்குள் கிடந்து தகரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு மட்டும் இப்படி ஆகியிருக்கும் என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். வெறும் கையைத் தண்ணீரில் வைத்து மூன்று தரம் தட்டினேன். நண்டும் இல்லை, குஞ்சும் இல்லை. மீன்கள் வந்தன. என் விரலைச் சுற்றி வாயைத் திறந்துகொண்டு நின்றன. அம்மா தட்டியிருக்கிறாள், நான் தட்டியிருக்கிறேன், இந்த லயத்துப் பெண்களெல்லாம் தட்டியிருக்கிறார்கள். அந்தச் சத்தம் எதற்கு என்று மீனுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்ததால் எங்களுக்குத்தான் தெரியாமல் போனது.

தங்கச்சியிடம் சொல்லவில்லை. அது ஏழாம் மாதம். சொன்னால் அவள் வாயைக் கட்டிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த ஓடையில் போய் விழுவது?

சும்மாவும் இருக்கவில்லை. மடியுள்ளதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடிக்கப் பார்த்தேன். அந்த நேரத்தில் அகப்படுகிற பெரிய நண்டெல்லாம் மடியோடுதான் இருந்தன, ஆண் நண்டுகளான கடுவன்களை அதற்குள் நான் தின்னக் கொடுத்து முடித்திருந்தேன். இரண்டு பின்னேரம் நாலே நாலு நண்டோடு வந்தேன். அப்புறம், தட்டிய குஞ்சுகளை ஓடையில் விடாமல் ஒரு பேசினில் தண்ணீரும் மணலும் இலையும் போட்டு, கட்டிலுக்கடியில் தங்கச்சிக்குத் தெரியாமல் வைத்தேன். சோற்றுப்பருக்கை போட்டேன். மூன்றாம் நாள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. அவற்றுக்கு வேண்டியது மடி. அதைத்தான் நான் இடித்து ரசம் வைத்திருந்தேன்.

பிறகு மாத்தளை டவுனுக்கு பஸ் ஏறினேன். கருவாட்டுக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா, நெத்தலியைவிட மலிவாகக் கூனி இறால் இருக்கிறது என்று ஒரு பை கட்டிக் கொடுத்தார். காய்ந்த குட்டி இறால், சம்பலுக்குப் போடுவது. வீட்டில் சுளகில் கொட்டிப் புடைத்தேன். இறாலோடு இறாலாக நூல் நூலாக மீன்குஞ்சு வந்தது. மிளகளவில் காய்ந்த நண்டுக்குஞ்சும் வந்தது. நான் ஓடையில் தட்டிவிட்ட அதே அளவு. சுளகைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த முறை டவுனுக்குப் போனபோது நானாவிடம் கேட்டேன். கடலோரக் களப்பில் சின்னக் கண் வலை போட்டு இழுக்கும்போது எல்லாம் சேர்ந்துதான் வரும் என்றார்.

"பொறுக்கி வீசிட்டு ஆக்குங்க தங்கச்சி. எல்லாரும் அப்பிடித்தான் செய்யிற" என்றார். நல்ல மனுஷன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். டவுன் ஹோட்டல்களில் வாழையிலையில் வைக்கிற பெரிய இறால் எந்தக் குளத்தில் வளர்ந்தது, அந்தக் குளத்துக்காக எந்தக் கரையோர மரத்தை வெட்டினார்கள் என்று தின்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை. நாங்கள் திரும்பி நின்றுகொள்வது மாதிரி அவர்களும் திரும்பி நின்றுகொள்கிறார்கள்.

கூனியைத் தங்கச்சி வாயில் வைத்ததும் குமட்டி எடுத்துவிட்டாள். மறுநாள் நான் வாளியை எடுத்தேன்.

தெரிந்துகொண்டே தட்டியது எட்டாம் மாதம் முழுக்க, ஒன்பதாம் மாதம் பாதி வரை. பொழச்சுக்குங்க என்ற வார்த்தை மட்டும் அதற்கப்புறம் என் வாயில் வரவில்லை. ஒருநாள் தங்கச்சி கேட்டாள், முதலில் விட்டதெல்லாம் இப்போது கொஞ்சம் பெரிதாகியிருக்குமா என்று. ஆகியிருக்கும், சாப்பிடு என்றேன்.

பெண் பிள்ளை பிறந்தது. மாத்தளைப் பெரியாஸ்பத்திரியில், நல்ல எடையோடு, நல்ல சத்தத்தோடு. என் கையில் கொடுத்தபோது நான் அழுத அழுகையைப் பார்த்து, பெற்றவள் யார் என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள். அந்தப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு எல்லா நண்டையும் திரும்ப வாங்கிக்கொள் என்று யாராவது சொன்னால் நான் அவர்களை அடித்துத் துரத்துவேன். இன்றைக்கும் அப்படித்தான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் நல்லவள் வேஷம் போடுகிறேன் என்று ஆகும்.

அதற்குப் பிறகு நான் நண்டுக்குப் போகவில்லை. ஓடை மாறிவிட்டது. முன்பெல்லாம் விழுகிற இலையை நண்டுகள் கிழித்துத் தின்னும், தண்ணீர் சுத்தமாக ஓடும். இப்போது இலை அடுக்கடுக்காக ஊறி அழுகுகிறது. நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வருகிற குழாயின் வாயில் கட்டிய வலை அடைத்துக்கொள்கிறது, வாரத்துக்கு ஒரு தரம் யாராவது இறங்கிக் கையை விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. பழி முழுவதையும் நண்டு ரசத்தின் மேல் போட நான் தயாரில்லை. மலையில் புல்லுக்கு மருந்தடித்த டாங்கியையும் அதே ஓடையில்தான் கழுவுகிறார்கள். ஆனால் என் வாளியும் அதில் உண்டு.

போன வருஷம் பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளைகள் சிலர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். இந்த நண்டு இந்த மலைகளில் சில ஓடைகளைத் தவிர வேறெங்கும் இல்லையாம். முடிந்தால் பிடிக்காதீர்கள் அம்மா என்று ஒரு பெண் பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னாள். எங்கள் லயத்து இளம் தாய் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டு, "அப்ப எம்புள்ளைக்கு என்னத்தக் குடுக்குறது மிஸ்?" என்று கேட்டாள். படிக்கிற பெண் பிள்ளை நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டாள். மீன் விஷயத்தை நான் லயத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணமும் அந்தக் கேள்விதான். அவர்கள் இன்றைக்கும் தட்டுகிறார்கள், திரும்பி நிற்கிறார்கள்.

சென்ற பொங்கலுக்குத் தங்கச்சி பிள்ளையோடு வந்திருந்தாள். பிள்ளை நன்றாக நடக்கிறாள், ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். ஓடையைக் காட்ட வேண்டும் என்று தங்கச்சிதான் கூட்டிப் போனாள். இவளுக்காக விட்ட குஞ்செல்லாம் இப்போது தாயாகியிருக்கும், ஒன்றைப் பிடித்துக் காட்டு, மறுபடி விட்டுவிடலாம் என்றாள். நான் கல் கல்லாகப் புரட்டினேன். ஒன்றையும் காணவில்லை. ஒவ்வொரு கல்லையும் அதே பக்கமாகத் திரும்ப வைத்தேன்.

பிள்ளை தண்ணீரோரம் குந்தி, விளையாட்டாக உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மீன்கள் வந்தன. பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. மறுபடி தட்டினாள், இன்னும் வந்தன.

தங்கச்சி சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, தட்டுனா ஏன் இதுங்க வருதுங்க?"

யாராவது சோறு போட்டுப் பழக்கியிருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். அம்மா மேல் இன்னொரு பொய்ச் சத்தியம் செய்ய எனக்கு முடியவில்லை. சொன்னேன். பேசினையும், கூனியையும், எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"ஏழாம் மாசத்துல."

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு குடித்த கோப்பைகளைத்தான் எண்ணியிருப்பாள். என்னை ஏசுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் பிள்ளையை இழுத்து மடியில் வைத்து, ஈரக் கையை முந்தானையால் துடைத்துவிட்டாள். வெகுநேரம் அந்தக் கையையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேள, அப்ப நீ சொல்லலக்கா" என்றாள்.

அதைச் சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிள்ளை ஒன்றும் புரியாமல் அவளுடைய முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.